ஒரு சாண் வெள்ளை

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கம் சொல்லி எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. என் வாயைக் கிளற ஆள் இல்லாததால் நானே கிளறிக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்குப் படம் வாங்குகிற பைத்தியம் என்பது உனக்குத் தெரியும். நூலகச் சம்பளத்தில் வேறெப்படி வாங்குவது? ஓவியக் கல்லூரிக் கண்காட்சிக்குக் கடைசி நாள் சாயங்காலமாகப் போய், யாரும் வாங்காததைத் தவணை சொல்லித் தூக்கிவருவேன். ஆறு வருடத்தில் நாலு படம், நாலும் உள்ளங்கை அகலம். போன மாதம்தான் முதல் தடவையாகக் கதவளவு ஒன்று வாங்கினேன். ஒரு பெண் வரைந்தது. முழுக்கச் சாம்பல் நிறம். அடியில் மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு ஒன்றுமே பூசாத வெள்ளை. அந்த ஒரு சாணுக்காகத்தான் வாங்கினேன் அக்கா. நாள் முழுக்க ஊரார் கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து அதைப் பார்த்தால், யாரும் என்னிடம் எதுவும் கேட்காத இடம் மாதிரி இருக்கும்.

ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்க விடவில்லை. அதனால் படம் புது மாப்பிள்ளை மாதிரி சோபாவில் உட்கார்ந்துகொண்டது, நாங்கள் தரையில். அதைக்கூட என் வீட்டு மனிதர் பொறுத்துக்கொண்டார். அவர் பொறுக்காதது அந்த வெள்ளையைத்தான். இருபது வருடமாகச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் இல்லையா, சாப்பிடும்போதும் கண் அங்கேயே. "அந்தப் பொண்ணு காசை வாங்கிட்டு அடியில அடிக்காமலே விட்டிருக்கு. நான் இப்படி விட்டா சும்மா விடுவாங்களா?" "அது வேணும்னே விட்டதுங்க." "வேணும்னேன்னா இன்னும் மோசம்."

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தால், சோபாவுக்குக் கீழே செய்தித்தாள் விரித்திருக்கிறது, ஓரத்தில் நேர்கோடாக டேப், மனிதர் பிரஷ் கழுவிக்கொண்டிருக்கிறார். வெள்ளை போயே போச்சு! "மேல இருக்கிற சாம்பலோட ஒட்டுதா பாரு. மூணு டப்பா கலந்தேன். உன் பிறந்தநாளுக்கு வேற என்னத்தத் தர்றது, எல்லாத்தையும் நீயே வாங்கிக்கிற" என்கிறார். கத்தலாம் என்று திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

வரும் ஞாயிறு அந்தப் பெண் புதுக் கண்காட்சிக்காகப் படத்தை இரவல் வாங்க வருகிறாள். எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பேன்? உண்மையைச் சொன்னால் அவர் அவள் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும். அதை என்னால் பார்க்க முடியாது. அதனால் படம் உன் வீட்டில் இருக்கிறது, நீங்கள் பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டீர்கள் என்று சொல்லப்போகிறேன். போன் வந்தால் எடுத்துத் தொலைக்காதே. இனி நான் ஒரு படம் வாங்கினால் என்னை ஏனென்று கேள்.

அத்தானுக்கு என் மரியாதை. பிள்ளைகள் நன்றாகப் படித்து, பெயிண்ட் சம்பந்தமில்லாத உத்தியோகத்துக்குப் போகட்டும்.

உன் தங்கை

பி.கு.: கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அவர் படித்துவிட்டார். ஈரத்துணியை எடுத்து ஒரு துடை துடைத்தார், பழைய வெள்ளை வந்துவிட்டது. "உனக்குப் பிடிக்கலன்னா எடுத்துடலாம்னுதான் தண்ணி பட்டா போற டிஸ்டெம்பர் அடிச்சேன். நீ வாயே திறக்கலியே?" ஆகவே நீ வீட்டைப் பூட்ட வேண்டாம். ஆனால் அக்கா, காலையிலிருந்து அந்த ஒரு சாணைப் பார்க்கும்போதெல்லாம் வேலை பாக்கி கிடக்கிற மாதிரியே இருக்கிறது. கண்காட்சி முடிந்து படம் திரும்பியதும் அடிக்க அந்தக் கலர் மிச்சமிருக்கிறதா என்று நானே கேட்டுவிட்டேன். மூடி போட்டு எடுத்து வைத்திருக்கிறாராம்.