நோயாளியைப் பார்க்கப் போனவர்கள்

யஹ்யா அன்றைக்கு ஐந்தாவது கோப்பைத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தான், அதுவும் உட்கார்ந்துகொண்டு.

நடக்கத்தான் கிளம்பினான். அரிசி மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. படுத்துக் கிடந்தால் இன்னும் இறுகும், தினமும் இரண்டு மைல் நட என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் தியாகராஜா சொல்லிவிட்டார். ஆனால் மலாய் நாட்டுப் பத்து பாகாட் ஊரின் கடைத்தெருவில் நம் ஆட்கள் ஒருவனைச் சும்மா நடக்க விடுவார்களா? கடைக்குக் கடை கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

உண்மையைச் சொல்லவும் வழியில்லை. ஜவுளிக்கடை ஜெகபர் சாதிக் தன் மகள் பரக்கத் நிஷாவை அவனுக்குப் பேசியிருந்தார். மூட்டை தூக்கத் தெம்பில்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று ஊரறியச் சொன்ன மனிதர். அந்தப் பெண்ணை ஒரே ஒரு முறை ஜன்னலில் பார்த்ததிலிருந்து யஹ்யாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் எங்கும் நிற்காமல் நடந்தான். ஜெகபர் சாதிக்கே வந்து மறித்தார்.

"எங்க மாப்ள, கால்நடையா?"

"நோயாளி ஒருத்தரப் பாக்கப் போறேன் மாமா."

நோயாளியைப் பார்க்கப் போகிறவனை யார் தேநீருக்கு உட்காரச் சொல்வார்கள்? யஹ்யா தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டான்.

"பெரிய நன்மையாச்சே. இருங்க, நானும் வர்றேன்."

அன்று அவரை ஆற்றோரம்வரை நடத்திப் போய், நோயாளி தூங்குகிறாராம் என்று சொல்லித் திருப்பி அழைத்து வந்தான். அடுத்த நாள் நன்மை தேடி இன்னும் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள், கையில் ஆரஞ்சுப் பழங்களோடு.

காட்டுவதற்கு நோயாளி வேண்டுமே. அடுத்த கம்பத்தில், அதாவது பக்கத்துக் கிராமத்தில், இருக்கிறார் என்றான். அங்கே போனதும், இல்லை, அதற்கடுத்த மலாய்க் கம்பம் என்றான். மூன்று மைல் தாண்டியும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அதுதான் அவனுக்கு விளங்கவில்லை. பழங்கள் மட்டும் வழியிலேயே தீர்ந்துபோயின.

இனிப் பொய்க்குக் கம்பமும் இல்லை. பெண் போனால் போகட்டும் என்று நெஞ்சு வலிக்க முடிவு செய்தான்.

"மாமா, ஒரு உண்மையச் சொல்லிடுறேன்."

அந்த நேரம் பார்த்து டிரெஸர் தியாகராஜா எதிரே சைக்கிளில் வந்து இறங்கினார். யஹ்யா மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். அவரோ அவனைத் திரும்பியும் பார்க்காமல் ஜெகபர் சாதிக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"முதலாளி, இடுப்புப் பிடிப்பை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ எண்டு தனித்தனியா வந்து கெஞ்சின ஆறு பேரும் இப்ப ஒண்டா நடக்கிறியளே."