சனிக்கிழமை வரவேண்டாம், நூரிஸ் அக்கா

மோக்கா,
செவ்வாய்க்கிழமை, கரண்ட் இருக்கும் நேரம்.

தலைநகரத்தில் தனியாளாகக் கம்பீரமாக வாழ்ந்துவரும் என் பெருமதிப்புக்குரிய அக்கா நூரிஸ் அவர்களுக்கு, உங்கள் ஒரே தம்பி ரதமேஸ் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் யொகாஸ்தாவும் குழந்தை மையெலினும் அல்தகிராசியா மாதாவின் தயவில் சுகமாக இருக்கிறோம். அங்கே உன் முழங்கால் வலியும் மாடி வீட்டுக்காரர்களின் ஆட்டம்பாட்டமும் கொஞ்சமாவது அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மையெலின் சாகவில்லை. வெள்ளிக்கிழமை கடைக்காரர் பெர்சியோ அண்ணாச்சியின் மனைவி உனக்குப் போன் போட்டுக் கதறியது உண்மைதான். அவள்மேல் தப்பில்லை, தெருவே கதறியது. கொஞ்ச நேரம் கழித்து அதே கடைப் போனில் நான் கூப்பிட்டு, குழந்தை வாசலில் உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டிருக்கிறாள் என்று சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "போதும்டா உங்க லட்சணம். அடுத்த சனிக்கெழம வரேன். கொழந்தையோட துணிய எடுத்து வை. இங்க விடுதிப் பள்ளிக்கூடத்துல எடம் கேட்டு வெச்சிருக்கேன்." அதோடு போனை வைத்துவிட்டாய். எனக்குப் பதில் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் அந்தக் கடைப் போனில் நான் ஒருவன் பேசினால் கடையே கூடச் சேர்ந்து பேசும். அதனால்தான் கடிதம். படித்து முடித்ததும் நீயாகவே சனிக்கிழமை பயணத்தை ரத்து செய்துவிடுவாய் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

உனக்குத் தெரிந்ததுதான். மையெலின் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள், எல்லாம் நிதானமாகத்தான் வரும் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். நடை நிதானமாக வந்தது. பேச்சு நாலு வயது தாண்டியும் வரவில்லை. அதற்காகத்தான் சுகாதார நிலையத்திலிருந்து ஒனேய்தா என்கிற பெண் வாரா வாரம் மோட்டார் சைக்கிளில் வருகிறாள். அவள் வைத்தியம் எதுவும் செய்வதில்லை. இந்த வாரம் இதைச் செய்யுங்கள் என்று ஒரு வேலையைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவாள், மற்ற நாளெல்லாம் அப்பா அம்மாதான் வாத்தியார். பந்தை உருட்டித் திரும்ப வாங்குவது, எந்தச் சட்டிக்கு எந்த மூடி என்று கண்டுபிடிப்பது, படியேறுவது என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டோம். யொகாஸ்தா குழந்தையோடு உட்கார்ந்து செய்வாள், நான் வேலைக்குப் போகிற வழியில் ஜன்னல் வழியாக மேற்பார்வை பார்ப்பேன். இப்படி ஒற்றுமையாக வேலை செய்கிற குடும்பம் இந்தப் பக்கத்திலேயே கிடையாது.

பேச்சுப் பாடம் ஆரம்பித்த அன்று ஒனேய்தா குழந்தையின் முன்னால் தரையில் உட்கார்ந்து, "உன் பேரு என்னடா தங்கம்?" என்று கேட்டாள். "மையெலின்!" என்றேன். "எத்தன வயசு?" "நாலு முடிஞ்சிருச்சு!" என்றேன். "மாம்பழம் புடிக்குமா?" "அதுன்னா உசுரு!" என்றேன். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, "உங்க பேரும் மையெலினா அண்ணே?" என்றாள். யொகாஸ்தா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. அதனால் அந்த அவமானத்தை நான் பெரிதுபடுத்தவில்லை.

பிறகு ஒனேய்தா அந்த வாரத்து வேலையைச் சொன்னாள். குழந்தைக்குப் பிடித்ததைக் கண்ணில் படும்படி கையில் வைத்துக்கொள்ள வேண்டும், வேணுமா என்று ஒரே தடவை கேட்க வேண்டும், அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கையாலோ கண்ணாலோ சத்தத்தாலோ அவள் எப்படிக் கேட்டாலும் உடனே கொடுத்துவிட வேண்டும். "நீங்க எல்லாரும் அவ கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடுறீங்க. அப்புறம் அவ எதுக்குக் கேக்கணும்?" என்றாள். சரியான பேச்சுத்தான். ஆனால் அக்கா, நான் யார்? கூரையில் ஒலிபெருக்கி கட்டி வண்டி ஓட்டுகிறவன். மோக்காவில் யார் செத்தாலும், எந்தக் கடை திறந்தாலும், யார் வீட்டு நாய் தொலைந்தாலும் என் வாயால்தான் ஊருக்குத் தெரியும். இந்த வாயை மூடச் சொன்னால் எப்படி? யொகாஸ்தா மாம்பழத் துண்டைக் காட்டி ஒரு தடவை கேட்பாள். குழந்தை யோசிப்பாள். அதற்குள் நான், "வேணும்னு சொல்லுடி ராசாத்தி, வே-ணும், அப்பா வாயப் பாரு, ஆங், இதோ ஒதடு அசையுது, சொல்லிட்டா சொல்லிட்டா, குடு குடு!" என்று ஆரம்பித்துவிடுவேன். "கொழந்த வாயத் திறக்கறதுக்கு நீ எங்க எடம் விட்ட?" என்று சொல்லி யொகாஸ்தா வேகவைத்த வாழைக்காயில் ஒரு பெரிய துண்டை எடுத்து என் வாயில் திணித்தாள். அதிலிருந்து பாடம் நடக்கும்போதெல்லாம் எனக்கு வாழைக்காய்தான்.

இதை மையெலின் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் நான் பக்கத்து வீட்டுக்காரரோடு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றித் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, தட்டிலிருந்து ஒரு துண்டு வாழைக்காயை எடுத்து வந்து என் வாயில் அடைத்துவிட்டு, யொகாஸ்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாம்பழக் கூடையின் முன்னால் நிறுத்தினாள். "கேட்டுட்டா! இதுதான் கேக்கறது!" என்று அன்றைக்கு வந்திருந்த ஒனேய்தாவுக்கு ஒரே சந்தோஷம். ஒரே ஒரு சிக்கல், யாரிடம் எதைக் கேட்பதானாலும் முதலில் யாராவது ஒருவரின் வாயை அடைக்க வேண்டும் என்று குழந்தை முடிவுகட்டிவிட்டாள். பூசை முடிந்து ஆசீர்வதிக்கக் குனிந்த பாதிரியாருக்கு முழு பிஸ்கட் போயிற்று. அவர் மென்றுகொண்டேதான் ஆசீர்வதித்தார்.

வீட்டில் இப்படி வெற்றிமேல் வெற்றி. தெருதான் கெடுத்தது. உனக்கு இந்தத் தெருவைத் தெரியாதா? குழந்தை வாசலில் நின்றால் போதும், ஒருத்தி ரொட்டி கொடுப்பாள், ஒருத்தி வறுத்த சோறு கொடுப்பாள், பெர்சியோ அண்ணாச்சி தேங்காய் மிட்டாயைக் கையிலேயே வைத்து அழுத்துவார். வீடு வீடாகப் போய் இதை விளக்கலாம் என்றாள் யொகாஸ்தா. வண்டி இருக்கும்போது எதற்கு வீடு வீடாக என்று நான் சொன்னேன். வெள்ளிக்கிழமை தெருமுனையில் வண்டியை நிறுத்தி டேப்பைப் போட்டேன். காலையில் ஒரு பேக்கரிக்காரரின் சாவை அறிவித்திருந்ததால் உள்ளே இருந்தது சாவுக்குப் போடும் இசை. அதை நான் கவனிக்கவில்லை. மைக்கை எடுத்து, என் மிக நல்ல குரலில், "பொதுமக்களின் கனிவான கவனத்துக்கு. நம் தெருவின் செல்லக் குழந்தை மையெலின்..." என்றேன். அந்த இடத்தில் மைக்கின் ஒயர் கழன்றுகொண்டது. இசை மட்டும் நிற்கவே இல்லை. நான் குனிந்து ஒயரைத் தேடி நிமிர்வதற்குள் தெருவில் நாற்காலிகள் வந்துவிட்டன, காபி வந்துவிட்டது, இஞ்சிக் கஷாயம் வந்துவிட்டது, முடிதிருத்தும் எலிஹியோ கடையைச் சாத்திவிட்டுப் பாதிச் சவரம் செய்த ஆளோடு வந்து நின்றான். பெர்சியோ அண்ணாச்சியின் மனைவி அப்போதுதான் உனக்குப் போன் போட்டாள். மையெலின் வெளியே வந்து எல்லோரையும் பார்த்துக் கையாட்டியதும் அழுகை இரண்டு மடங்காகி, ஆளாளுக்குக் கையில் இருந்ததையெல்லாம் அவளிடம் கொடுத்தார்கள். எதையும் அவள் கேட்கவில்லை. பாடத்தைப் பொறுத்தவரை அது மோசமான நாள்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மறுநாள் ஒயரைச் சரிசெய்து முறையாக அறிவித்தேன். "மையெலினிடம் ஒரு தடவை கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவள் கேட்கும்வரை ஒரு கடுகுகூடக் கொடுக்கக் கூடாது." முதல்நாள் அழவைத்த குற்றவுணர்ச்சி எனக்கு இருந்தது. முதல்நாள் அழுத வெட்கம் அவர்களுக்கு இருந்தது. அதனால் தெரு இதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டது.

இனிமேல்தான் நீ உட்கார்ந்து படிக்க வேண்டிய இடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்தே கரண்ட் இல்லை. சாயங்காலம் மெழுகுவர்த்தி வாங்கக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு பெர்சியோ கடைக்குப் போனேன். யொகாஸ்தா வீட்டில் ஓய்வாக இருந்தாள். கடை வாசலில் வழக்கம்போல டொமினோ, வழக்கம்போல நாலு பேர் ஆட்டத்துக்கு இருபது பேர் யோசனை. மையெலின் மிட்டாய் ஜாடி முன்னால் போய் நின்றாள். பெர்சியோ அண்ணாச்சி சட்டத்தை நினைத்துக்கொண்டு, "என்ன வேணும் மையெலினு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். அவ்வளவுதான், கடையில் எல்லோர் வாயும் மூடிக்கொண்டது. மேஜையில் அடிக்க ஓங்கிய டொமினோக் காய் ஓங்கியபடியே நின்றது. எலிஹியோ மூச்சைப் பிடித்து முகமெல்லாம் சிவந்துபோனான். நான் என் தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைக் கடித்துக்கொண்டேன். அந்தக் கடையில் அப்படி ஓர் அமைதியை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. மையெலின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவர்களுக்கெல்லாம் உடம்புக்கு என்ன என்று அவளுக்குக் கவலையே வந்துவிட்டது போலிருந்தது.

அப்போது கரண்ட் வந்தது. பல்பு எரிந்தது, காற்றாடி சுற்றியது, ரேடியோ பாட்டின் நடுவிலிருந்து கத்தியது. கரண்ட் வந்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? பால் குடிக்கிற பிள்ளை முதல் படுக்கையில் கிடக்கிற கிழவர்வரை "லூஸ்! லூஸ்!" என்று கூச்சல் போட்டு வெளிச்சம் வந்த சேதியைச் சொல்வோம். ஆனால் அன்றைக்குக் கடையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. குழந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு பல்லைக் கடித்து நின்றோம். மையெலின் பல்பைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். திரும்பவும் பல்பைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய சேதியை இத்தனை தடிமாடுகளில் ஒருவனும் சொல்லமாட்டேன் என்கிறானே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, கடை அதிர, "லூ!" என்றாள்.

அக்கா, நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிட்டாய் ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். டொமினோ மேஜை கவிழ்ந்தது, ஜெயிக்கவிருந்தவனே அதைக் கவிழ்த்தான். பெர்சியோ அண்ணாச்சி, "கேட்டுட்டா, கேட்டுட்டா!" என்று மிட்டாயை அள்ளி அள்ளிக் கொடுத்தார். "அவ மிட்டாயக் கேக்கலியே அண்ணாச்சி," என்று எலிஹியோ சொன்னதற்கு, "நீ சும்மா கெடடா, எனக்கு இப்ப குடுக்கணும்!" என்றார். திங்கட்கிழமை ஒனேய்தாவிடம் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேக்கறதவிட இது பெருசு அண்ணே. யாரும் கேக்காமலே ஒரு சேதி சொல்லிருக்கா," என்றாள். சேதி! என் பெண்ணின் முதல் சொல்லே ஊருக்கான அறிவிப்பு. ரத்தம் எங்கே போகும்?

ஆகவே அக்கா, விடுதிப் பள்ளிக்கூடம் நல்ல இடமாகவே இருக்கட்டும், அந்த இடம் வேறொரு குழந்தைக்குப் போகட்டும். இங்கே எல்லாம் எங்கள் கைக்குள் இருக்கிறது. நானும் யொகாஸ்தாவும் போதும், எங்களுக்கு யார் உதவியும் தேவையில்லை. கஷ்டம் முடிந்துவிட்டது, இனிமேல் சொற்கள் வரிசையில் நின்று வரும், அதில் முதலில் வருவது உன் பெயராகவே இருக்கட்டும். முழங்காலைப் பார்த்துக்கொள். பஸ்ஸில் ஆட்டி அலைக்கழிக்க வேண்டாம். நீ எங்களை வாழ்த்துவதற்கு அங்கிருந்தபடியே கையைத் தூக்கினால் போதும், வாழ்த்து இங்கே வந்து சேர்ந்துவிடும்.

என்றும் உன் சொல் தட்டாத (இந்த ஒரு தடவை தவிர),
தம்பி ரதமேஸ்

பி.கு. அண்ணி, இதை எழுதுவது யொகாஸ்தா. உறையை ஒட்டி வை என்று சொல்லிவிட்டு உங்கள் தம்பி கடிதத்தைக் கொடுத்தனுப்ப பஸ் டிரைவரோடு பேசப் போயிருக்கிறார். பேச ஆரம்பித்தால் சீக்கிரம் வரமாட்டார், அதனால் எனக்கு நேரம் இருக்கிறது. அவர் எழுதியதெல்லாம் நடந்ததுதான். நான் ஓய்வாக இருந்தேன் என்பது மட்டும் சரியில்லை. துவைத்த துணியை மடிக்க உட்கார்ந்தவள் அதன்மேலேயே விழுந்து தூங்கிவிட்டேன். இந்தக் குழந்தையின் வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று நாலு வருஷமாக அவள் முகத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தபோது நான் இல்லை. கடைப்பக்கம் கூச்சல் கேட்டது, கரண்ட் வந்துவிட்டது போல என்று நினைத்துப் புரண்டு படுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அவள் அதைச் சொல்லவில்லை. மறுபடி வரும், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்போது நான் விழித்திருக்க வேண்டும் அண்ணி. பள்ளிக்கூடத்தில் கேட்டுவைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நீங்கள் சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள். அவரிடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம், சொன்னால் வண்டியில் அறிவித்துவிடுவார். குழந்தையின் துணிகளை நான் எடுத்துவைக்கவில்லை. அலமாரியில் என்னுடையதை ஒதுக்கி, உங்கள் துணிகளுக்கு ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறேன்.