மூணும் பக்கத்துப் பக்கத்துல

"எட்டு அடிச்ச ஒடனே அமுத்தணும்ணா. கொஞ்சம் அசந்தாலும் போச்சு."

"எதை அமுத்தணும் நைனா?"

"இந்த ஆரஞ்சு பட்டனை."

"அமுத்தினா?"

"கோணல்மாணலா சில எழுத்து வரும். அதைப் பாத்து அப்படியே அடிக்கணும். அப்பால பணம் கட்டச் சொல்லும். பின் நம்பரைப் போடணும்."

"பின் நம்பரு இன்னா?"

எட்வர்ட் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எம் பொண்ணு பொறந்த வருசம்."

"அது எந்த வருசம்?"

சொல்ல வேண்டியதாகிவிட்டது. தேசப்பன் அதை வாய்விட்டு உருப்போட்டார். எடை போடுவதற்காகக் கேட்டருகே நின்றிருந்த லாரியின் ஓட்டுநரும் கூடவே தலையாட்டினார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை அது. எட்வர்ட் அங்கே கிரேன் ஓட்டுகிறான். தேசப்பன் கேட் செக்யூரிட்டி, பள்ளிப்பட்டுக்காரர். ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் தன் கைப்பேசியைக் கேட்டில் இருக்கும் மரப்பெட்டியில், தன் டோக்கன் நம்பர் போட்ட பொந்துக்குள் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ரயில் முன்பதிவு காலை எட்டு மணிக்குத் திறக்கிறது; முதல் ஷிஃப்ட் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நாடே கைப்பேசியும் கையுமாகக் காத்திருக்கும் அந்த நேரத்தில், எட்வர்டின் கைப்பேசி மட்டும் பொந்துக்குள் ஒரு புறாவைப் போல உட்கார்ந்திருக்கும்.

"போறவங்க பேரு, வயசெல்லாம் சொல்லு நைனா."

"அதெல்லாம் போன்லயே ஏத்தி வெச்சிருக்கேன். நீங்க நாளைக்கி அமுத்தினா மட்டும் போதும்."

"இருந்தாலும் சொல்லு. மனசுல இருக்கட்டும்."

எட்வர்ட், மனைவி சுகிர்தா, மகள் ஏஞ்சலின். மூன்று வயதையும் சொன்னான். தேசப்பன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

விஷயம் இதுதான். சுகிர்தாவின் தங்கை நாகர்கோவிலில் நர்ஸ். அங்கேயே மாப்பிள்ளை பார்த்து, கிறிஸ்மஸ் முடிந்த கையோடு கல்யாணம் வைத்திருந்தார்கள். போன வருஷம் இதே நாகர்கோவிலுக்கு, "ரயில்ல எடம் கெடைக்காமப் போயிடுமா" என்று எட்வர்ட் கூட்டிப்போன பயணத்தில், குடும்பமே கழிவறைக் கதவோரம் விடிய விடிய நின்றது. ஏஞ்சலின் மட்டும் சூட்கேஸ்மேல் உட்கார்ந்து வந்தாள். அன்றிலிருந்து சுகிர்தாவின் அண்ணன் சாலமோன் அவனைப் பார்க்கும்போதெல்லாம், "மாப்ள, உக்காருங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறான்.

இந்தத் தடவை படுத்துக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் இனிமேல் டிக்கெட் விஷயத்தைச் சாலமோனிடமே ஒப்படைத்துவிடுவேன் என்று சுகிர்தா சொல்லிவிட்டாள். ஆம்னி பஸ்ஸுக்குப் பண்டிகை நாளில் கேட்கிற காசுக்கு மணப்பெண்ணுக்கே நகை எடுத்துவிடலாம். ஆக, ஸ்லீப்பர் பெட்டி, முன்பதிவு தொடங்கும் நாள், எட்டு மணி. வேறு வழி கிடையாது.

மறுநாள் எட்டு மணிக்குத் தேசப்பன் விரலை நீட்டிக்கொண்டு தயாராக இருந்தார். எட்டு அடித்தது. அதே நேரத்தில் மேலாளர் வீரராகவனின் கார் உள்ளே வந்தது.

தேசப்பன் சல்யூட் அடித்தார். சல்யூட் அடித்த கையில் கைப்பேசி இருந்தது.

"யார் போன் அது? பொட்டியில இருக்கவேண்டியது கையில ஏன் இருக்கு?"

வீரராகவன் அதைத் தானே வாங்கி, பொந்துக்குள் வைத்து, மற்ற பொந்துகளையும் சரிபார்த்து, செக்யூரிட்டியின் கடமைகள் பற்றி நின்று நிதானமாகப் பேசிவிட்டுப் போனார்.

நாஷ்டா இடைவேளையில் எட்வர்ட் கேட்டுக்கு ஓடி வந்தான்.

"இன்னா ஆச்சுண்ணா?"

"அமுத்திட்டேன் நைனா. டிக்கெட்டு வந்துடுச்சி."

"கன்ஃபர்மா?"

"சீட் நம்பரே போட்டுக் குடுத்துட்டான். நூத்திப் பதினாலு, பதினஞ்சு, பதினாறு. மூணும் பக்கத்துப் பக்கத்துல."

எட்வர்ட் கைப்பேசியை வாங்கிப் பார்த்தான். அது வெயிட்டிங் லிஸ்ட்.

"சும்மா சொல்லக் கூடாதுண்ணா. நல்லா அமுத்தியிருக்கீங்க."

"கோச்சுக்காத நைனா. இன்னொரு சங்கதியும் சொல்லணும். எம் மச்சான் பள்ளிப்பட்டுல டிக்கெட்டு கவுண்ட்டராண்ட—"

"நீங்க சொன்ன வரைக்கும் போதும்ணா."

அடுத்த வாரமே தேசப்பனை வேறொரு கம்பெனி கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். எட்வர்டுக்கு அதில் வருத்தமில்லை.

அன்று மாலை சுகிர்தா கேட்டாள்: "டிக்கெட் இன்னா ஆச்சு?"

"நம்பரே வந்துடுச்சி" என்றான் எட்வர்ட். "மூணும் பக்கத்துப் பக்கத்துல."

சுகிர்தா அவனை ஒரு தரம் பார்த்தாள். செல்போன் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. பழுதான சரக்கைத் தள்ளிவைக்கிற பார்வை அது.

வெயிட்டிங் லிஸ்ட் சோம்பேறித்தனமாக இறங்கிக்கொண்டிருந்தது. பொறுமையிழந்த எட்வர்ட் வழி தேடினான். வடக்கேயிருந்து வருகிற வாராந்திர ரயில் ஒன்றில், கூடூரிலிருந்து ஏறினால் மூன்று படுக்கை இருந்தது. உடனே போட்டான். கன்ஃபர்ம். அன்று அவன் கிரேனையே ஒரு மாதிரி மிதக்கிறாற்போல ஓட்டினான்.

பிறகுதான் வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது.

"நாம கூடூருக்குப் போய் ரயில் ஏறலாமா?"

"நாகர்கோவிலு எந்தப் பக்கம் இருக்குது?"

"தெக்கால."

"கூடூரு?"

"வடக்கால. ஆனா அந்த ரயிலு திரும்பி நம்ம ஊரு வழியாத்தான் போவும்."

"நம்ம ஊட்டுப் பின்னால தடதடன்னு நிக்காமப் போவுதே, அதுவா?"

"அதேதான்."

"அப்ப ஊட்டாண்ட வரும்போது கையக் காட்டலாம். நம்மள நாமே வழியனுப்பினாப்பல இருக்கும்." சுகிர்தா துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

மறுநாள் காலையில் கூடூர் டிக்கெட்டைக் கேன்சல் செய்தான். மத்தியானம், கூட வேலை பார்க்கும் அந்தோணியிடம் புலம்பினான்.

"கூடூருக்கு ஏண்டா போவணும்?" என்றான் அந்தோணி. "ஏறுற எடத்த எக்மோர்னு போன்லயே மாத்திக்கலாமே."

"எப்பத்திலேர்ந்து?"

"எப்பவுமே."

எட்வர்ட் திரும்பப் போட்டுப் பார்த்தான். அந்த ரயிலும் வெயிட்டிங் லிஸ்ட் ஆகியிருந்தது.

மிச்சமிருந்தது தட்கல். அதற்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் காலையில் கைப்பேசியோடு வீட்டில் இருக்க வேண்டும். அந்தோணி ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டான். அதற்குப் பதிலாகத் தன் கிறிஸ்மஸ் டூட்டியை எட்வர்ட் தலையில் கட்டினான்.

கிறிஸ்மஸ் அன்று ஊரே புதுத்துணி போட்டிருக்க, எட்வர்ட் தலைக்கவசம் போட்டுக்கொண்டு கிரேனில் இருந்தான். ஷிஃப்ட் முடிந்து கைப்பேசியை எடுத்துப் பார்த்தால், வெயிட்டிங் லிஸ்ட் ஒன்று, இரண்டு, மூன்றுக்கு வந்திருந்தது. இன்னும் மூன்றே மூன்று பேர். நேரே மாதா கோவிலுக்குப் போனான். எல்லோரும் பூசை பார்த்துவிட்டுப் போய்விட்டிருந்தார்கள். மெழுகுவத்தி ஏற்றி முழங்காலிட்டான்.

"ஆண்டவரே, யாருக்கும் பெருசா கெடுதல் வேணாம். ஒரே ஒரு குடும்பம். மூணு பேரு. புருசன் பொஞ்சாதிக்குள்ள சின்னதா ஒரு சண்ட. நாங்க வரலன்னு டிக்கெட்ட கேன்சல் பண்ற அளவுக்கு. அப்பால நீங்களே அவங்கள சேத்து வெச்சிடுங்க."

வீட்டுக்குப் போனபோது சுகிர்தா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பண்டிக அன்னிக்கு டூட்டி. பொண்ணு காலைலேர்ந்து அப்பா எங்க, அப்பா எங்கன்னு கேட்டுக்கினு இருக்கா. நான் கல்யாணத்துக்கே வரல. நீங்களே போய்க்கோங்க."

எட்வர்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளைச் சமாதானப்படுத்தி, ஏஞ்சலினுக்குக் கேக் ஊட்டி, பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனாலும் கேட்ட வரம் வேறு யாருக்கோ பலித்திருக்கும் என்று நம்பினான்.

பலிக்கவில்லை. அடுத்த நாள் தட்கலும் கைவிட்டது. கோணல் எழுத்துகளை அவன் சரியாகத்தான் அடித்தான். தவறு என்றது. மறுபடி அடித்தான். தவறு என்றது. ஏஞ்சலின் எட்டிப்பார்த்து, "அது ஜீரோ இல்லப்பா, ஓ" என்று சொல்லிச் சரியானபோது டிக்கெட் தீர்ந்திருந்தது.

கிளம்புகிற அன்று மத்தியானம் சார்ட் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அசையவே இல்லை. டிக்கெட் தானாகவே ரத்தாகிவிட்டது என்று கைப்பேசி மரியாதையாகத் தெரிவித்தது.

எட்வர்ட் அதையும் சொல்லவில்லை. எழும்பூர் வரைக்கும் மின்சார ரயிலில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். சுகிர்தா போர்வை, காற்றடிக்கிற தலையணை, ஏஞ்சலினுக்குத் தனியாக ஒரு சின்னத் தலையணை எல்லாம் எடுத்து வந்திருந்தாள். ஒவ்வொன்றும் அவன் நெஞ்சின்மேல் வைத்தாற்போல இருந்தது.

பிளாட்பாரத்தில் நாகர்கோவில் ரயில் தயாராக நின்றது. சுகிர்தா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மகளுக்குப் பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தாள்.

"ஏங்க, இப்பவாச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?"

"இங்கயே இரு. எந்தப் பொட்டின்னு பாத்துட்டு வந்துடறேன்."

"பாருங்க, பாருங்க" என்றாள் அவள், மடியிலிருந்த கைப்பையைத் தட்டிக்கொண்டே. "நாங்க எங்கயும் போவல."

எட்வர்ட் கூட்டத்தில் புகுந்து டிக்கெட் பரிசோதகரைத் தேடிப் பிடித்தான். நரைத்த மீசை, கையில் ஒரு டேப்லெட். அவரைச் சுற்றி நின்ற பத்துப் பேரும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"சார், மூணு பேரு சார். சின்னப் பொண்ணு இருக்கு. மச்சினிச்சி கல்யாணம். வெயிட்டிங் லிஸ்ட்டு ஒண்ணுலயே நின்னுபோச்சு சார்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். எட்வர்டின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் போன வருஷத்துக் கழிவறைக் கதவு தெரிந்திருக்க வேண்டும். டேப்லெட்டை விரலால் மேலும் கீழும் தள்ளினார்.

"மூணு பேரா? ஒரு வழி இருக்கு. அதுக்கு நீங்கதான் எனக்கு ஒத்தாசை பண்ணணும்."

"சொல்லுங்க சார்."

"எஸ்-நாலுல ஒரு குடும்பம், புருசன் பொஞ்சாதி ஒரு பொண்ணு. எஸ்-ஒம்போதுலயும் அதே குடும்பம், அதே பேரு, அதே வயசு. ஒண்ணு கும்மிடிப்பூண்டி கவுண்ட்டர்ல எடுத்திருக்காங்க, இன்னொண்ணு பள்ளிப்பட்டு கவுண்ட்டர்ல. ரெண்டு எடத்துலயும் இன்னும் யாரும் வந்து உக்காரல. எவனோ எட்வர்டாம், ஒரே ஆளு ஆறு சீட்டப் புடிச்சி வெச்சிக்கினு ஊரைப் பேஜாரு பண்றான். இங்கதான் எங்கியாவது சுத்திக்கினு இருப்பான். அவனக் கொஞ்சம் தேடிப் புடிச்சி, உங்களுக்கு ஒரு மூணு சீட்ட விட்டுக்குடுக்கச் சொல்றீங்களா?"