பரிசாக வந்த செம்பு டார்ச்

தான் செய்த சத்தியத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று சிவராஜ் கண்டுபிடித்தது கம்பெனி பஸ்ஸில். கண்டுபிடித்த சந்தோஷத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டான்.

அது சும்மா வாய்வார்த்தைச் சத்தியம் இல்லை. சுகுணா கற்பூரம் ஏற்றி, அதன் மேல் கையடிக்க வைத்து வாங்கியது. 'இனிமேல் என் காசில் ஒரு டார்ச் லைட்டும் வாங்க மாட்டேன்.' வீட்டில் ஏற்கெனவே இருபத்து மூன்று டார்ச் இருந்தன. பேண்ட் பாக்கெட்டில், தலைமாட்டில், ஸ்கூட்டர் பெட்டியில், பீரோவில் என்று இருந்தவரைக்கும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒருநாள் சாம்பாருக்குப் பருப்பு அளக்கும்போது துவரம்பருப்போடு ஒரு டார்ச்சும் ஆழாக்கில் ஏறி வந்தது. அன்றைக்குத்தான் கற்பூர டப்பாவைத் தேடினாள்.

"ஈரம் ஏறாம இருக்கட்டும்னு வெச்சேன்" என்றான் சிவராஜ்.

"பருப்புல பூச்சி புடிக்காம இருக்க வேப்பிலை வெப்பாங்க. டார்ச் வெச்ச ஆம்பளை ஓசூர்லயே நீங்க ஒருத்தர்தான்."

அப்படிக் கழுத்தைப் பிடித்து வாங்கிய சத்தியம் போன மாதம் அவனுக்கே உதவியாக வந்ததுதான் வேடிக்கை. பின் சந்தில் இருக்கும் சாந்தம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறாள். விடிவதற்கு முன்பே நடந்துபோய் பஸ் ஏற வேண்டும்.

"சாந்தம்மாவுக்கு ஒரு டார்ச் குடுங்களேன்" என்றாள் சுகுணா. "அந்த லேஅவுட் ரோட்டுல ஒரு கம்பத்துலயும் லைட்டு எரியறதில்ல. நாய் துரத்தி நேத்து குழியில விழுந்து முட்டி பேந்துருக்குது."

"இருபத்து மூணும் கலெக்‌ஷன் சுகுணா. ஒண்ணு போனாலும் செட்டு உடைஞ்சிடும்."

"அப்படின்னா புதுசா, நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுங்க."

சிவராஜ் முகத்தை பூஜை அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டான். "சத்தியம் பண்ணியிருக்கேனே! சாமி காரியம். விளையாடக்கூடாது."

சுகுணா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்பதை, பதினான்கு வருஷம் குடும்பம் நடத்தியும் சிவராஜ் கற்றுக்கொள்ளவில்லை.

சரியாக மூன்றாம் நாள் அந்தச் செம்பு டார்ச்சைப் பார்த்தான். மிக்ஸி ஜார் வாங்குவதற்காக சுகுணா அவன் போனில் ஏற்றிக் கொடுத்திருந்த ஆப்பில் அது மின்னிக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்கச் சுத்தமான செம்பு. உள்ளங்கைக்குள் அடங்கும். வெளிச்சம் உருக்கிய வெண்ணெய் நிறம். சிவராஜுக்குச் சோறு இறங்கவில்லை. சத்தியம் தொண்டையில் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் பஸ்ஸில் ஞானம் பிறந்தது. காசு கொடுத்து வாங்கினால்தானே தப்பு? பரிசாக வந்தால்?

பரிசு வருவதற்கு ஒரு வழியும் இருந்தது. அவன் 'ஒளி வட்டம்' என்ற வாட்ஸப் குழுவில் இருந்தான். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் உள்ள டார்ச் பைத்தியங்கள் அறுபது பேர் கூடிய குழு. பைத்தியம்தான், ஆனால் தங்கமான பைத்தியம். ஒருவருக்கொருவர் டார்ச்சைப் பரிசாகக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். மகள் பாஸ் ஆனால் ஒரு டார்ச். மாடு கன்று போட்டால் ஒரு டார்ச். ஒன்றுமே நடக்காவிட்டால், ரொம்ப நாளாக ஒன்றும் நடக்கவில்லையே என்று ஒரு டார்ச்.

குழுவுக்கு ஒரே ஒரு விதி. பரிசு வாங்கியவர் ஒரு வாரத்துக்குள் தன்னிடம் இருப்பதில் ஒன்றை, டார்ச் உண்மையாகவே தேவைப்படுகிற வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது மனசு கொஞ்சம் வலிக்க வேண்டும். வலிக்காத டார்ச் செல்லாது. நான்கு வருஷமாக சிவராஜ் யாரிடமும் வாங்கவில்லை, அதனால் யாருக்கும் கொடுக்கவும் இல்லை. மற்றவர்கள் கொடுக்கும்போது கைகூப்புகிற படம் போடுவதோடு அவன் தர்மம் முடிந்துவிடும்.

திட்டம் இதுதான். டார்ச்சை சிவராஜே ஆர்டர் போடுவான். அது ஜூஜுவாடியில் இருக்கும் மூர்த்தி வீட்டுக்குப் போகும். மூர்த்தி அதே கம்பெனி, அதே குழு. அவன் அதைக் கலர் பேப்பரில் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து பரிசாகக் கொடுப்பான். யார் காசு என்று கற்பூரம் வந்து கேட்கவா போகிறது? நாள் முழுக்க பல்சக்கரங்களில் மயிரிழைக் குறை கண்டுபிடிப்பதுதான் சிவராஜின் உத்தியோகம். இந்தத் திட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு குறையும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூர்த்தி வந்தான். சுகுணா சூடாக போண்டா போட்டு வைத்திருந்தாள்.

"அக்கா, நம்ம அண்ணா நாலு வருஷமா குரூப்புல இருக்கிறாரு. அதுக்காக என்னோட சின்ன கிஃப்ட்" என்று பொட்டலத்தை நீட்டினான்.

சிவராஜ் நெஞ்சில் கைவைத்தான். "ஐயோ மூர்த்தி! எதுக்கு இதெல்லாம்?" கண்ணாடி முன்னால் நின்று நான்கு தடவை பழகிய வசனம்.

பேப்பரைப் பிரித்ததும் செம்பு பளபளத்தது. சிவராஜுக்குக் கண் கலங்கியது. அது மட்டும் நடிப்பு இல்லை.

"எவ்ளோ பெரிய மனசு தம்பி உங்களுக்கு!" என்ற சுகுணா இன்னும் இரண்டு போண்டாவை அவன் தட்டில் வைத்தாள். "சும்மா தூக்கிக் குடுத்துருவீங்களா? ஒரு முறை, விதி ஒண்ணும் கிடையாதா?"

"இருக்குதக்கா! அதான் எங்க குரூப்போட பெருமையே." போண்டாவும் பாராட்டும் சேர்ந்து மூர்த்தியைத் தூக்கிக்கொண்டு போயின. சிவராஜ் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தான். மூர்த்தி காலை நகர்த்தி வைத்துக்கொண்டு விதியை முழுசாக ஒப்பித்தான்.

"அப்போ இவரும் ஒண்ணு குடுத்தே ஆகணுமா?"

"ஹௌதக்கா, ஆமா, கண்டிப்பா. மனசு வலிக்கிற மாதிரி."

சுகுணா எழுந்து போனாள். இருபத்து மூன்று டார்ச்சையும் முறத்தில் போட்டுக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி அவன் முகத்தைப் பார்த்தாள்.

சிவராஜ் சுதாரித்துக்கொண்டான். சந்தையில் வாங்கிய, பட்டன் போன பிளாஸ்டிக் டார்ச்சை அவள் எடுத்ததும், "அது மட்டும் வேணாம் சுகுணா! அது என் உசிரு!" என்று அலறினான்.

"பாவம், உசிருன்னு சொல்றாரு. உசிரை எப்படிக் குடுக்கறது?" என்று அதை அவன் மடியிலேயே வைத்தாள்.

அடுத்ததுக்கும் அலறினான். அதுவும் மடிக்கு வந்தது. இப்படியே பாதி முறம் காலியானபோது அவன் மடி நிறைந்துவிட்டது. கடைசியில் அவள் செம்பு டார்ச்சைத் தொட்டாள். சிவராஜ் அலட்சியமாக ஃபேனைப் பார்த்தான்.

"இதுக்கு மட்டும் ஏங்க சத்தத்தையே காணோம்?"

"அது ஓசில வந்ததுதானே" என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"காதெல்லாம் சிவந்து கெடக்குது. தம்பி, வந்ததையே குடுத்தா செல்லுமா?"

"செல்... செல்லாதுன்னு விதில இல்லக்கா" என்றான் மூர்த்தி.

"மூர்த்தி ஆசையா குடுத்தது! அவர் மனசு நோகாதா?" சிவராஜ் கடைசிக் கயிற்றைப் பிடித்தான்.

"நோகுமா தம்பி?"

மூர்த்தி யோசித்துப் பார்த்தான். தன் கையிலிருந்து பத்துப் பைசா போகாத டார்ச். "எனக்கு எங்கக்கா நோகப்போகுது?" என்று உண்மையைச் சொல்லிவிட்டு ஏழாவது போண்டாவை எடுத்தான்.

சுகுணா குரல் கொடுத்ததும் பின் சந்திலிருந்து சாந்தம்மா முட்டியில் கட்டோடு வந்தாள். சிவராஜ் கையாலேயே கொடுக்க வைத்தாள் சுகுணா. அவன் விரல்கள் டார்ச்சை விட மாட்டேன் என்றன. சாந்தம்மா இரண்டு தடவை இழுத்துத்தான் வாங்கினாள். வாசலில் நின்று அழுத்தினாள். இருட்டத் தொடங்கியிருந்த சந்து கடைசிவரை வெண்ணெய் நிறத்தில் விடிந்தது. மூலையில் படுத்திருந்த நாய் எழுந்து மரியாதையாக வேறு தெருவுக்குப் போனது.

"இவ்வளோ நல்லது எனக்கா சார்?" என்றாள் சாந்தம்மா. "இனிமே அந்தக் குழி எனக்குத் தெரியும். குழிதான் என்னைப் பார்த்து ஒதுங்கணும்." சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

சிவராஜுக்கு நெஞ்சு வலித்தது. வலிக்கு நடுவில் கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. அது எப்படி என்று அவனுக்கே விளங்கவில்லை.

மூர்த்தி எடுத்த படம் குழுவில் ஏறியது. 'புத்தம் புதுச் செம்பு டார்ச்சையே கொடுத்த வள்ளல்!' என்று அறுபது பேரும் கைகூப்பினார்கள். ராத்திரி சாப்பாட்டுக்குள் சிவராஜ் தான் வள்ளல் என்பதை முக்கால்வாசி நம்பிவிட்டான்.

"பரிசா வந்ததை வெச்சுக்க எனக்கு மனசு வரல சுகுணா" என்றான் தட்டின் முன் உட்கார்ந்து. "அடுத்தவங்க குடுத்தது. அடுத்தவங்களுக்கே போகட்டும்."

சுகுணா அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றினாள். "அந்த ஆப்புல அட்ரஸை மாத்துனீங்க. போன் நம்பரை மாத்தலையே. அதுல இருந்தது என் நம்பர்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"மூர்த்தி தம்பி வீடு தெரியாம டெலிவரிக்காரர் எனக்குத்தான் போன் பண்ணாரு. அத்திப்பள்ளி போறதுக்கு முன்னாடி இடது கைப் பக்கம் சந்துன்னு நான்தான் வழி சொன்னேன்."

"அப்போ... தெரிஞ்சுக்கிட்டேவா போண்டா போட்ட?"

"விருந்தாளி வர்றாரே."

"அன்னைக்கே மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாமில்ல?"

"போன மாசமே கேட்டேனே. சாந்தம்மாவுக்குப் புதுசா, நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுங்கன்னு" என்றாள் சுகுணா, அப்பளத்தை அவன் தட்டில் வைத்து. "வாங்கிக் குடுத்துட்டீங்க."