கக்கூஸ் குழியில் காப்பி நாற்று

மண்ணில் குழி வெட்டுகிறவன், எதற்கு வெட்டுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பார்க்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த காரணத்தை அதில் நட்டுவிடுவார்கள். மானம் போன பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

எங்கள் வீடு கிளியூரில், ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. அப்போது வீட்டில் கக்கூஸ் இல்லை. தெருவுக்கெல்லாம் பொதுவாக ஒன்று, பாசி பிடித்த கல்படிகளுக்குக் கீழே இருந்தது. பனி மூடிய ஒரு காலையில் அம்மா அந்தப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். (ஆயுசெல்லாம் காப்பி எஸ்டேட் சரிவில் ஏறி இறங்கி நாற்று நட்டவள். அங்கெல்லாம் விழவில்லை.) ஆபரேஷன் முடிந்து தடியூன்றி நடக்க ஆரம்பித்ததும், சேலத்து அண்ணன் தன்னோடு கூட்டிப்போவதாகச் சொன்னான். அந்த வெயிலில் அம்மா வாடிப்போவாள் என்று எனக்குப் பயம். வீட்டை ஒட்டி ஒரு கக்கூஸ் கட்டினால்தான் அவள் இங்கே இருக்க முடியும். கேட்டதற்கு, "எனக்கோசரம் ஒண்ணும் கட்ட வேண்டாஞ் சாமி" என்றுவிட்டாள். சொல்லாமலே கட்டிவிடுவது என்று தீர்மானித்தேன்.

மேஸ்திரி ஒரு நிபந்தனை போட்டார். "செப்டிக் டேங்க் தண்ணிய மண்ணு குடிக்கோணுங்க. அடியில பாறையா இருந்தா மேல பொங்கிரும். ஒண்ணரை அடிக்கு மூணு எடத்துல குழி வெட்டி, தண்ணி ஊத்தி ஊற உடுங்க. மறுநா திரும்ப ஊத்தி, எவ்வளவு வேகமா எறங்குதுன்னு பார்க்கலாம். எறங்கலீன்னா இங்க வேலைக்காவாதுங்க."

நானே வெட்டினேன். ஓரம் செதுக்கி, அடியைச் சமப்படுத்தி, நூல் பிடித்தாற்போல் மூன்று குழிகள். தண்ணீர் ஊற்றிவிட்டு, செல்போனில் படமெடுத்து அண்ணனுக்கு வேறு அனுப்பினேன். "என்ன குழி கண்ணு?" என்றாள் அம்மா. "சும்மாம்மா" என்றேன். (சும்மா எவனாவது குழி வெட்டுவானா?)

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்குப் போய் மேஸ்திரியை அழைத்து வந்தேன். பெருமையாகக் கையை நீட்டினேன். குழியைக் காணோம். மூன்று இடத்திலும் மண் மூடி, மிதித்து, நடுவில் ஒரு காப்பி நாற்று நின்றது. வெயில் படாமலிருக்க மேலே தழை வேறு குத்தியிருந்தது.

"எந்தக் கூறுகெட்டது பண்ணுன வேலை இது?" தெருவே கேட்கக் கத்தினேன்.

பின்பக்கத்திலிருந்து அம்மா வந்தாள். முழங்கை வரை சேறு. "நாந்தான் கண்ணு. அளவாக் குழி வெட்டி, தண்ணியும் ஊத்திப் போட்டு, நாத்து வெக்காம உட்டுட்டியே. பொறவால பிளாஸ்டிக் பையில நான் வளர்த்த நாத்து இருந்துச்சு. பலகையில உக்காந்துட்டே வெச்சுப் போட்டேன்."

மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார். என் மனைவி சுமதிதான் விஷயத்தை உடைத்தாள். "அத்தை, அது உங்களுக்குக் கக்கூசு கட்டறதுக்கு வெட்டுன குழிங்க."

"எனக்கா?" என்றாள் அம்மா. 'கூறுகெட்டது' என்று கத்தியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு வழியே தெரியவில்லை.

ஏதாவது செய்ய வேண்டுமே என்று நாற்றைப் பிடுங்கக் குனிந்தேன். தடி குறுக்கே வந்தது. "வெச்சதப் புடுங்காதே." குழாயை நீட்டிக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சமாதானம் சொல்ல, சரிவில் கொஞ்சம் கீழே புதிதாக வெட்டி ஊறவிட்டேன்.

அடுத்த நாள் சோதனை. குழிக்குள் அளவுக்குச்சியை நட்டு நானும் மேஸ்திரியும் குனிந்திருந்தோம். அம்மா பலகை போட்டு உட்கார்ந்து, கோழிகளைத் தடியால் விரட்டியபடி தண்ணீரையே பார்த்தாள். குச்சியில் ஈரக்கோடு மெல்ல வெளியே தெரிந்தது.

"எறங்குது சாமி" என்றாள் அம்மா. "நான் எங்கியும் வரலீன்னு உங்கண்ணங்கிட்டச் சொல்லீரு."

கக்கூஸ் வந்தது. அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். அந்த மூன்று செடிகளும் இப்போது காய்க்கின்றன. காப்பி பிரமாதம், எந்த எஸ்டேட் கொட்டை என்று விருந்தாளி யாராவது கேட்டால், "எஸ்டேட் இல்லீங்க, எங்க கக்கூசுக் குழியில வெளஞ்சது" என்பாள் சுமதி. டம்ளர் பாதி வழியில் நிற்கும். நான் அவசரமாக மண் சோதனையை முதலிலிருந்து விளக்க ஆரம்பிப்பேன். அம்மா என்னை முடிக்க விடமாட்டாள்; தன்னைத்தானே தொட்டுக் காட்டுவாள்.

"பயப்படாமக் குடிங்க. இந்தக் கூறுகெட்டது வெச்ச செடிதானுங்க."