பொன்னாடைக்கு நேரமாச்சு

பாதி இரத்தம் ஏறியிருந்தபோதுதான் மாசிலாமணிக்கு முழங்கை அரிக்கத் தொடங்கியது.

வேறு நாளாக இருந்தால் சொறிந்துவிட்டுப் போயிருப்பார். இன்று மாலை சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு மண்டபத்தில் அவர் தலைமையில் விழா. யாரோ ஒரு சேவையாளருக்கு அவர் கையால் பொன்னாடை. ஆளைத் தேர்ந்தெடுத்தது சங்கச் செயலாளர் பிரபாகர். போர்த்துவதும் போட்டோவுக்குச் சிரிப்பதும் தலைவர் வேலை. இரத்தசோகைக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டு சாயந்திரமே கிளம்பலாம் என்று டாக்டர் சொன்ன தைரியத்தில்தான் இங்கே வந்து படுத்திருந்தார்.

"அரிப்பு, குளிர், முதுகுவலி, எது வந்தாலும் உடனே சொல்லணும் அங்கிள்," என்று தாதி ரக்ஷனா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சொன்னால் நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் விழா போச்சு.

கையைப் போர்வைக்குள் நுழைத்துக்கொண்டார்.

"குளிருதா அங்கிள்?"

"இல்ல மிஸ்ஸி. சும்மா, ஒரு மரியாதைக்கு."

அவள் நாலு அடி போவதற்குள் நிஜமாகவே குளிர் வந்தது. பல் தந்தியடித்தது. அவள் திரும்பிப் பார்க்க, இவர் முந்திக்கொண்டார்.

"ஏர்கான் ரொம்ப ஜாஸ்தி லா!"

"எங்க ஏர்கான்? நான் இங்க வெந்துக்கிட்டிருக்கேன்," என்றார் பக்கத்துக் கட்டில் ஜலாலுதீன், செய்தித்தாளால் விசிறிக்கொண்டே.

மாசிலாமணி அவரை முறைத்தார். ரக்ஷனா வெப்பமானியோடு வந்து நின்றாள்.

"முப்பத்தெட்டரை அங்கிள்."

"இப்பத்தான் சுடச்சுட டீ குடிச்சேன். அதான்."

"காதுல வெச்சுத்தானே பார்த்தேன்? காதால டீ குடிச்சீங்களா?"

போர்வையை விலக்கினாள். கையெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருந்தது.

அடுத்து அந்தப் பெண் வேலை செய்த அழகைச் சொல்லித்தான் ஆக வேண்டும். திட்டவில்லை, பதறவில்லை. முதலில் இரத்தம் இறங்கும் குழாயை மூடினாள். கையில் குத்திய ஊசியை அப்படியே விட்டு, புதுக் குழாயில் சலைன் மாட்டினாள். "மூச்சு விட முடியுதா? நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே டாக்டருக்குச் சொல்லி அனுப்பினாள். இன்னொரு தாதியை வைத்துக்கொண்டு அவர் மணிக்கட்டுப் பட்டையையும் இரத்தப் பையின் லேபிளையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். அவருக்கு உரிய இரத்தம்தான். உடம்புதான் முரண்டு பிடித்திருந்தது. மிச்சத்தோடு அந்தப் பையை இரத்த வங்கிக்கே சோதனைக்கு அனுப்ப எடுத்தாள்.

"பாதிதானே மிச்சம்? அதையும் ஏத்திருங்க மிஸ்ஸி! விழாவுக்கு நேரமாச்சு!"

"நீங்க இருந்தாத்தானே அங்கிள் விழா?"

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். மாசிலாமணிக்கு அப்போதுதான் பயம் வந்தது.

டாக்டர் வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போனார். ரக்ஷனா கட்டிலை விட்டு நகரவில்லை. வாசலில் ஒரு தாதி எட்டிப் பார்த்தாள்.

"ரக்ஷனா, ஷிப்ட் முடிஞ்சிருச்சே! கிளம்பலையா?"

"இவருக்குக் காய்ச்சல் இறங்கட்டும்."

வெளியே போய் ஒரு போன் பேசிவிட்டு உடனே திரும்பி, மறுபடி இரத்த அழுத்தம் பார்த்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் காய்ச்சல் இறங்கியது, தடிப்பும் அடங்கியது. மாசிலாமணிக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. விழா போனதுகூட அவ்வளவாக உறுத்தவில்லை.

கைப்பேசி அடித்தது. மண்டபத்திலிருந்து மனைவி சரசு.

"சரசு, நான் இன்னிக்கு வர முடியாது போலிருக்கு..." என்று இழுத்தார்.

"நீங்க ஒண்ணும் பதறாதீங்க, விழாவையே தள்ளி வெச்சாச்சு. பொன்னாடை வாங்க வேண்டிய நர்ஸ் பொண்ணே வரலைங்க. காதால டீ குடிச்ச பேஷண்ட் ஒருத்தரை விட்டுட்டு வரமாட்டேன்னு பிரபாகர்கிட்ட போன்ல சொல்லிட்டாளாம்!"