மாமனார் பேரில் ஒரு மாரத்தான்

என் மாமனார் சபாபதி செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். எண்பத்தெட்டாம் வருஷம் சிறுநீரகம் கெட்டு, போய்ச் சேர்ந்தார். அந்தக் குடும்பத்தில் என்னை மாப்பிள்ளையாக மதித்தவர் அவர் ஒருவர்தான். அந்தத் துக்கத்தில், கருமாதியன்று எல்லார் முன்னாலும் வாயை விட்டுவிட்டேன். மாமா பேரில் மாரத்தான் ஓடி, நன்கொடை திரட்டி டயாலிசிஸ் நிதிக்குக் கொடுக்கப் போகிறேன் என்று.

என் மனைவி புஷ்பவல்லி தடுப்பாள் என்று நம்பித்தான் சொன்னேன். மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தடுக்கவில்லை. அப்பா போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எப்படிக் கெடுப்பது?

முட்டி வலி என்றேன். தைலம் வந்தது. காய்ச்சல் என்றேன். தெர்மாமீட்டர் வந்தது. அவளுடைய சித்தப்பா ரெங்கசாமி வேறு, தான் வேலை பார்க்கும் சுங்கை வே ஃபேக்டரி முழுக்க நன்கொடை வசூலித்துவிட்டார். எனக்குத் தூக்கம் போயிற்று. சோறு மட்டும் வழக்கம்போல் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓடினேன். பிரிக்ஃபீல்ட்ஸ் வருவதற்குள் இதயம் காது வழியாக வெளியே வரப் பார்த்தது. மாமனாருக்குத் துணையாக நானும் போய்விடுவேனோ என்று நிஜமாகவே பயந்தேன். சந்துக்குள் நுழைந்தேன். மினி பஸ் ஒன்று நின்றது. ஏறிவிட்டேன்.

"உள்ள போங்க பாஸ், எடம் இருக்கு லா" என்றான் கண்டக்டர். நான் நகரவில்லை. தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டு, மார்பில் குத்தியிருந்த நம்பரைக் கையால் மறைத்தபடி வாசலிலேயே ஒட்டிக்கொண்டேன். யாரோ என்னையே பார்ப்பதுபோல் முதுகு குறுகுறுத்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஓட்டம் முடியும் பாடாங் திடலுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி, குழாயில் தலையை நனைத்துக்கொண்டு ஓடி, எல்லைக் கோட்டைத் தொட்டேன். மெடல் போட்டார்கள். ரெங்கசாமி மாலை போட்டார். புஷ்பவல்லி அப்பா படத்தோடு வந்து நின்றாள். அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது குழாய்த் தண்ணீர் இல்லை.

அவளைத் தனியே கூப்பிட்டேன். "புஷ்பம், ஒண்ணு சொல்லணும்."

"தெரியும்ங்க. இங்க வர்றதுக்கு அதே பஸ்ஸுல நான் பின் சீட்டுலதான் இருந்தேன்."

மெடலைக் கையால் மறைத்துக்கொண்டேன். "யார்கிட்டயாவது சொல்லிட்டியா?"

"சொல்வேனா? வீட்டு மானம் என்னாகுறது? பஸ்ஸுலயே முருகன்கிட்ட ஒரு வேண்டுதல் மட்டும் வச்சேன். தைப்பூசத்துக்கு அப்பா பேர்ல நீங்க காவடி எடுக்குறீங்க. சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன். இந்நேரம் பாதி ஊருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"காவடியா? அது எதுக்கு புஷ்பம்?"

என் மாலையைச் சரிசெய்துவிட்டு அன்பாகச் சொன்னாள்.

"பத்துமலைப் படியில பஸ் ஏறாதுங்க."